இளஞ்சிவப்புக்குக் கட்டம் இல்லை

உறையின் மேல் ஹெல்தூரின் பென்சில் எழுத்து:
சாரேமா தீவு, வேலிக்கு அப்பால்,
வெள்ளைப் பசு மேய்கிற பக்கம்.
தேதி இல்லை.
போட்டிருந்தால் அவன் ஹெல்தூர் இல்லை.

உள்ளே, தங்கச்செருப்புப் பூவின் விதை.
தும்மினால் ஒரு புல்வெளியே போய்விடும்.
பக்கத்தில் வைத்தால் கடுகு ஒரு குன்று.
கட்டுச்சோறு இல்லாமல் கிளம்பிய கூட்டம்:
ஒரு சட்டை, நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் காற்று.
பல சட்டைகளில் புள்ளியும் இல்லை.

முதலில் வெளுப்பான்.
தண்ணீரை அண்டவிடாத அந்தப் பழுப்பு
கண்ணாடியாகும் வரை.
கொஞ்சம் அசந்தால்
உள்ளே இருப்பவரும் கரைந்துவிடுவார்.
ஓர் இரவு சர்க்கரைத் தண்ணீரில்.
பிறகுதான் அந்த மருந்து, நிறமே இல்லாதது;
இருட்டில், வெதுவெதுப்பில், ஒரு முழுநாள்.
மூச்சுவிடுகிற எதுவும் அதைச் சிவப்பாக்கும்.

தார்த்துவில் மதியம் மூன்றுக்கே விளக்குப் போட்டிருந்தோம்.
நுண்ணோக்கியில் குனிந்து எண்ணினேன்.
இருநூற்றுப் பதினான்கு கருக்கள்.
நாற்பத்தொன்று, மாதுளை முத்து.
நூற்றிருபது, ஆறிய சோற்றுப் பருக்கை.
மிச்சம் ஐம்பத்துமூன்று
அதுவும் இல்லை, இதுவும் இல்லை,
பனியிலிருந்து உள்ளே வந்தவரின்
காதுமடல் மாதிரி.

தாளில் இரண்டே கட்டம்:
உயிர் உண்டு. உயிர் இல்லை.

காஸ்பர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.
"இதெல்லாம் போனது, ஊர்வே."
"போகிறதற்கும் போனதற்கும் வித்தியாசம் இல்லையா?"
"நிதி தருகிறவர்களுக்கு இல்லை."
அவன் கணக்கில் பத்தொன்பது சதவீதம்.
என் கணக்கில் நாற்பத்துநான்கு.
ஐம்பத்துமூன்றை ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
அழிப்பான் அவன் மேசையில்தான் இருக்கிறது.

இதில் ஒன்று உண்டு, யாரும் பேசுவதில்லை.
சிவந்த விதையை விதைக்க முடியாது.
உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டோம்;
இருக்கிறேன் என்று சொன்னதே
அவை கடைசியாகச் செய்தது.

கேட்காமல் விட்டவற்றைத்தான் விதைத்தோம்.
இருபது கிண்ணம். பத்தில் வெறும் கூழ்.
பத்தில், அதே புல்வெளியின் வேரிலிருந்து
பிரித்தெடுத்த பூஞ்சை.
அது விதைக்குச் சோறூட்டும், அல்லது விதையையே தின்னும்;
யாருக்குப் பசி என்பதைப் பொறுத்தது.
தகடு சுற்றி, நான்கு டிகிரியில், மூன்று மாதம்.
குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினேன்:
மாரெத், உன் மீன் ஜாடிக்கு இது இடமில்லை.

ஏப்ரலில் வெளியே எடுத்தோம்.
ஒரு வாரம், இரண்டு வாரம்.
கூழ் மட்டும் கொஞ்சம் சுருங்கியது.
ஹெல்தூர் இப்போது துர்க்குவில் கப்பலுக்குப் பற்றவைக்கிறான்;
சம்பளம் இங்கே கிடைத்ததைப் போல மூன்று மடங்கு.
ஞாயிறுதோறும் ஒரே கேள்வி அனுப்புவான்: "வந்ததா?"
ஞாயிறுதோறும் நான்: "பசுவைக் கேள்."

ஆறாவது வாரம், பதினேழாம் கிண்ணத்தில்,
சட்டை கிழிந்து ஒருவர் வெளியே வந்திருந்தார்.
ஊசிமுனை அளவு உருண்டை.
இலை இல்லை, வேர் இல்லை.
ஒரு பக்கம் மட்டும் மூன்று நாள் தாடி.
பூக்கப் பத்து வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம்.
நாற்பத்தொன்றுக்கும் தொண்ணூற்றுநான்குக்கும்
நடுவில் எங்கும் இல்லாத ஓர் ஒன்று.
காஸ்பர் வெகுநேரம் நிமிரவே இல்லை.

படம் எடுத்துத் துர்க்குவுக்கு அனுப்பினேன்.
அன்று ஞாயிறு இல்லை.
உடனே பதில் வந்தது:
"இதில் எந்தப் பக்கம் மேல்?"

அது இன்னும்
முடிவு செய்யவில்லை என்று எழுதினேன்.