ஒன்பது குழி

முருங்கைக் கொம்பு மூன்று முறை நட்டேன்.
மூன்றும் கரிந்தன.
முருங்கைகூட வராத மண்ணைக்
காசு கொடுத்து வாங்கிய ஆள்
காட்பாடியிலேயே நான்தான் என்று
வீட்டில் பேச்சு.

மனை எண் நாற்பத்தேழு, கோல்ஃப் கார்டன்,
சித்தூர் சாலை, செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்.
வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை.
அதற்கும் பின்னால் தேடிப் பார்க்கத்
தனிக் கட்டணம் என்றார்கள்.
கட்டினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று.
கொல்லப்பள்ளி ஜமீனின் மேய்ச்சல் காட்டில்
ரயில்வே துரைமார் பந்தடித்து விளையாட
வருடம் ஒரு ரூபாய்க்குக் குத்தகை:
"ஒன்பது குழி மட்டும்."
எழுதிய குமாஸ்தாவுக்குக் குழி என்றால் நில அளவு.
ஓரத்தில் கணக்கும் போட்டுவைத்தார்:
குழி ஒன்றுக்கு நூற்று நாற்பத்து நாலு சதுர அடி,
ஆக ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

துரைமார் கையெழுத்துப் போட்டுவிட்டு
அறுபத்திரண்டு ஏக்கரில் விளையாடினார்கள்.

புல் வரவில்லை. இந்த வெயிலுக்கு எது வரும்?
பாலாற்று மணலை அள்ளி வந்து
லோகோ ஷெட்டின் கழிவெண்ணெய் ஊற்றிப் பிசைந்து
வட்டம் வட்டமாக மெழுகினார்கள்.
கன்னங்கரேலென்று இருந்ததற்குப் பெயர்
கிரீன்.

அதில் பந்து உருளும் முன்னே
கோணியை இழுத்துக்கொண்டு ஒருவன் நடக்க வேண்டும்,
தடம் எல்லாம் அழியும்படி,
தன் தடமும் சேர்த்து.
கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் அவன்
'பையன் ஆறு, இரண்டணா'.
மழை நாளில் அதுவும் இல்லை.

சுதந்திரம் வந்தது. செயலாளர் டிக்ரூஸ்
பெர்த்துக்குக் கப்பலேறினார்.
டெபுடி கலெக்டர் வேதமாணிக்கம்
முதல் பந்தை அடித்து முள்வேலியில் தொலைத்தார்.
பிறகு மாநிலத்தைப் பிரித்தார்கள்.
எல்லைக்கல் நட வந்த சர்வேயர்
ஏழாவது குழியை ஆந்திராவுக்குக் கொடுத்துவிட்டார்.
இந்தப் பக்கம் மதுவிலக்கு இருந்து
அந்தப் பக்கம் இல்லாமல் போன கொஞ்ச காலம்
உறுப்பினர் எல்லோரும் ஏழாவதில்தான்
நெடுநேரம் பந்து தேடினார்கள்.
எட்டாவதுக்கு வந்தவர் சிலர்.

ஜமீன் வாரிசு கோர்ட்டுக்குப் போனார்.
கொடுத்தது ஒன்பது குழி, மிச்சத்தைக் காலி செய்.
பத்தொன்பது வருடம் வாய்தா.
வக்கீல்கள் இறந்தார்கள்,
வக்கீல்களின் பிள்ளைகள் வக்கீலானார்கள்.
அந்தக் கட்டில்தான் அகப்பட்டது
பையன் ஆறின் பெயர்:
எத்திராஜுலு, தகப்பன் பெயர் முனுசாமி,
வயது சுமார் ஐம்பத்தெட்டு, வாதியின் ஆறாம் சாட்சி.

கேள்வி: குழி என்றால் என்ன?
பதில்: நான் தினமும் துடைக்கிறது.
கேள்வி: அளவு தெரியுமா?
பதில்: என் கை நுழையும். துரை கை நுழையாது.
பந்தை நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.
கேள்வி: அறுபத்திரண்டு ஏக்கரும் யாருடையது?
பதில்: மாடு மேய்ந்ததுங்க.

தீர்ப்பு கிளப்புக்கே சாதகம்.
அதற்குள் ஷெட்டை மூடி, எண்ணெய் நின்று,
ஆட வந்தவர் நாலு பேர்.
நாலு பேரும் கூடி விற்றார்கள்.
கை மாறிக் கை மாறி என் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை எடுத்தேன்.
இரண்டடியில் கறுப்பு மணல்,
ரயில் வாசனை.
மூன்றாம் குத்தில் தகரம் தட்டியது:
அடி இற்றுப்போன டப்பா, எண் தெரியவில்லை.
கையை விட்டுப் பார்த்தேன்.
நுழையவில்லை.

அன்றைக்கே மழை.
மண்ணில் எண்ணெய் மேலே ஏறி
ஊதாவும் பச்சையுமாக ஒரு பெரிய வட்டம்.
பாதி என் மனையில்,
கால் பங்கு மதிலைத் தாண்டி நாற்பத்தெட்டில்,
மீதி நகராட்சி ரோட்டில்.
நாற்பத்தெட்டுக்காரர் குடையோடு வந்து
மதில்மேல் எட்டிப் பார்த்தார்.
"உங்க வீட்டு வண்டி ஒழுகுது சார்."

எங்களிடம் வண்டி இல்லை.