விளிம்பில் நான்கு மில்லிமீட்டர்

வூப்பர்டாலில் மழை விடுவதாயில்லை.
எல்பர்ஃபெல்டில், தொங்கு ரயில் தடத்துக்கு முதுகு காட்டி நிற்கும் ஓட்டலில்
இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
வரவேற்பு மேசை என் பொறுப்பு.
சாவி கேட்டு யாரும் வராத மணிகளில்
ஒரு நாட்டை அளக்கிறேன்.

அது ஒரு விளையாட்டுக்குள் இருக்கிறது.
திசைகாட்டி கிடையாது, மூலையில் குட்டிப் படம் கிடையாது.
செய்தவர்கள் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்,
தொலையட்டும் என்று.
தொலைந்தேன்.
பிறகு வினாடிகளை எண்ணத் தொடங்கினேன்.
கருங்கல் வாசலிலிருந்து நாணல் சதுப்புக்கு
நேராக ஓடினால் நாற்பத்தொன்று,
முதுகில் சுமை இருந்தால் ஐம்பத்தாறு.
வினாடிக்கு இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு
பன்னிரண்டு ஏ4 தாள்களில் அந்த நாடு அடங்கியது.

பதினாலாம் அறை ஹென்னிங்
மருத்துவமனைக்கு லிஃப்ட் பொருத்த வந்தவர்,
ஐந்து மாதமாகப் போகவில்லை.
ஒருநாள் இரவு இரண்டு மணிக்குக் காலுறையோடு இறங்கி வந்து
வெள்ளைத்தாள் கேட்டார். எதற்கு என்றேன்.
அதே சதுப்பு. அதே இடத்தில் மூழ்கியிருக்கிறார்.

பச்சைக் காட்டுக்குள் சிவப்புப் பாதை போட்டு
முதல் படத்தைக் கொடுத்தேன். பெருமையாகத்தான்.
உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"காடு நன்றாக இருக்கிறது. பாதை எங்கே?"
சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றாம்.

நிறங்களைக் கைவிட்டேன்.
ஃ என்றால் மூன்று தீ எரியும் முகாம்.
ழ என்றால் சுழன்று கீழே இறங்கும் படிக்கட்டு.
ட: திரும்பினால் சுவர், வந்த வழியே போ.
க கதவு,
தலையில் புள்ளி வைத்துவிட்டால் பூட்டிய கதவு.

ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்.
"ழவில் இறங்கி க் வரைக்கும் போனேன், சாவி இல்லை"
என்று காலைச் சாப்பாட்டில் ஜெர்மனில் அவர் முறையிட,
பக்கத்து மேசையில் இரண்டு பேர்
வாயிலிருந்த ரொட்டியை மெல்ல மறந்தார்கள்.
அவர் நாவில் ழ வெறும் ல ஆகத்தான் விழுகிறது.
பரவாயில்லை, படிக்கட்டு நகர்ந்துவிடாது.

அப்புறம் மூன்று இரவு ஆளைக் காணோம்.
நான்காம் இரவு
ஒட்டிய படத்தைப் பாய் போலச் சுருட்டிக்கொண்டு வந்தார்.
"ஆற்றைத் தாண்ட வழியே இல்லையா?
இக்கரை முழுக்க நடந்தாயிற்று. இரண்டு முறை செத்தும் பார்த்தாயிற்று."

வழி இருக்கிறது. நான் வரைந்த பாலம்
திரையில் அப்படியே இருக்கிறது.
தாளில் இல்லை.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
அச்சு இயந்திரம் தொடாத வெள்ளை ஓரம்,
தாளுக்கு நான்கு மில்லிமீட்டர்.
ஒற்றைக் கோடாய்ப் போட்ட கயிற்றுப்பாலம்
சரியாக அதற்குள் விழுந்திருந்தது.
அவரோ ஓரங்களை நறுக்கி,
லிஃப்ட் கதவு போல மயிரிழை இடைவெளியின்றி
ஒட்டியிருந்தார்.
ஆறு ஏழிலிருந்து எட்டுக்கு
ஒன்றும் நடக்காத மாதிரி ஓடியது.

மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்.
"இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றால்
எந்த மாடிக்காரரும் பொறுப்பேற்க மாட்டார்."

கூறியது கூறல் குற்றம் என்று
தமிழ் வகுப்பில் படித்தவள் நான்.
இப்போது ஒவ்வொரு தாளும்
அடுத்த தாளின் ஓரத்தை ஒரு விரல் அகலம்
திரும்பச் சொல்கிறது.
பாலம் இரண்டு தாளிலும் வருகிறது.
ஓட்டல் கணக்கில் ஒரு கட்டுத் தாள் குறைகிறது,
மேலாளர் இன்னும் கேட்கவில்லை.

நேற்று விடியும்முன்
புதிய ஏழையும் எட்டையும் பதினாலின் கதவடியில் தள்ளினேன்.
இன்று வேலைக்கு வந்தால்
சாவி மாட்டும் ஆணியில் ஒரு துண்டுச் சீட்டு.
பென்சிலில், கோணலாக,
ஃ வரைய முயன்றிருக்கிறார். இரண்டு புள்ளிதான்.
மூன்றாவது இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கேள்விக்குறி.

நான் போனபோது மூன்றும் எரிந்தன. சத்தியமாக.
மணி பதினொன்றே கால்.
அக்கரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.