வைக்காத பழத்தின் எடை

பாலேக் பூலாவ் மலையிலிருந்து
மோட்டார் சைக்கிளில் தராசைக் கட்டிக்கொண்டு வந்தார் பெங் சூன்.
தராசே டுரியான் வாசம்.
"ஒண்ணுமே வைக்கல கமலவேணி,
எட்டு கிலோ காட்டுது.
வைக்காத பழத்துக்கு நான் எப்படிக் காசு கேக்குறது?"

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து
ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தேன்.
கண்ணுக்குள் இன்னும் ஆஸ்கிலோஸ்கோப்பின் பச்சைக் கோடு.
சரி, குடுங்க என்றேன்.

மூடிக்குள்
எறும்புகள், காய்ந்த பழச்சதை,
நடுவில் எட்டுக் காலோடு ஓர் ஆப்-ஆம்ப்.

எட்டாம் காலுக்கு வேலையே இல்லை.
ஏழும் நாலும் சோறு வாங்கும்:
மேலே ஒன்பது வோல்ட், கீழே ஒன்பது.
இரண்டும் மூன்றும் காதுகள்.
கேட்கும், அவ்வளவுதான்;
கேட்டதிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம்கூட எடுத்துக்கொள்ளாது,
ஏறக்குறைய.
ஆறு, வாய்.

அந்த வாய்க்கு ஒரே பழக்கம்.
இரண்டு காதிலும் விழுந்தவற்றின் வித்தியாசத்தை
இரண்டு லட்சம் மடங்காகச் சொல்லும்.
ஈ உட்கார்ந்தால் இடி.
ஆனால் உண்ட ஒன்பதுக்கு மேல் கத்த முடியாது;
கூரையில் தலை முட்டி அங்கேயே நிற்கும்.
பெங் சூனின் எட்டு கிலோ
அந்தக் கூரைதான்.

சிப்பை மாற்றினேன். எட்டு கிலோ.
இன்னொன்று. எட்டு கிலோ.
மூன்றாவதைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது:
சிப் பொய் சொல்லவில்லை,
அதற்குத் தன் குரல் கேட்கவில்லை.

ஆறிலிருந்து இரண்டுக்குத் திரும்பும் ரெசிஸ்டர்,
பழுப்பு கறுப்பு மஞ்சள்,
பார்க்க முழுசாக இருந்தது.
ஈயத்தினடியில் மயிரிழை விரிசல்.

புதிதாக ஒன்றைப் பற்றவைத்தேன்.
இப்போது வாய் சொல்வதில் நூற்றியொன்றில் ஒரு பங்கு
இரண்டாம் காதுக்குத் திரும்பி வருகிறது.
கூடிப்போனால் அடங்குகிறது, குறைந்தால் எழுகிறது,
மூன்றில் என்னவோ அதுவே இரண்டிலும் கேட்கும்வரை.
இரண்டு லட்சத்தை விட்டுக்கொடுத்து
நூற்றியொன்றை வாங்கிக்கொண்டது.
இனி எந்தச் சிப்பைச் செருகினாலும் அதே நூற்றியொன்று;
அது இரண்டு ரெசிஸ்டர்கள் தங்களுக்குள் பேசி முடித்த விலை.

ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை வைத்தேன்.
ஆயிரத்து இருபது கிராம்.
எடுத்தேன். இருபது.
இரண்டு காதையும் அச்சாக ஒன்றுபோல் செய்ய
எந்த ஃபேக்டரிக்கும் கைவந்ததில்லை,
எங்கள் ஃபேக்டரிக்கும்தான்.

ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே அதற்கென்று ஒரு திருகு உண்டு.
ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.
பெங் சூன் என் கையைப் பார்த்தார்,
காலித் தட்டைப் பார்த்தார்.
"இருபதுதானே லா, இருந்துட்டுப் போகட்டும்."
ஆங் ஹே இந்த வருஷம் கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
சொன்னார்.
நான் திருகினேன்.
பதினெட்டு, ஒன்பது, இரண்டு,
ஒரு நொடி கழித்தல் ஒன்று,
பூஜ்யம்.

கூலி வேண்டாம் என்றதற்கு
கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.
ஆயிரத்து நானூற்று ஆறு.
இருவரும் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

வண்டிச் சத்தம் முனை திரும்பியபின்
மேசையைத் துடைக்கிறேன்.
அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவரை மட்டும்
இன்னும் காணோம்.