சப்பாத்து அளவு

ஊருக்குப் பெயரே போ.
வா என்று கடிதம் போட்டிருந்தார்கள்.

இராணுவக் காப்பகம். கண்ணாடிக்கு அப்பால்
மதாம் லாபெய்ரி பழுப்புக் கோப்பைப் பிரித்தாள்.
சவரிராயலு இல்லை, சவேரி ரயோலோ.
காரைக்கால் இல்லை, கரிக்கால்.
வயதும் இரண்டு கூட.
"இது வேறு ஆள், முசியே.
பென்ஷன் தர முடியாது."

சட்டையை இறக்கி
சைகோனில் வாங்கிய தழும்பைக் காட்டினார்.
தழும்பில் முத்திரை இல்லையே என்றாள்,
கிண்டலாக இல்லை, வருத்தமாகத்தான்.

மூடப் போனவள் கடைசி வரியை வாசித்தாள்:
சப்பாத்து, இடது முப்பத்தொன்பது,
வலது நாற்பத்தொன்று.

வாசித்துவிட்டு
எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

முப்பத்திரண்டு வருஷமாக
இரண்டு ஜோடி வாங்கி
இரண்டு ஒற்றையைக் கட்டிலடியில் தள்ளுகிறவள் நான்.

அவருக்கு முதுகு வளையாது.
நான்தான் குனிந்து
நாடாவை அவிழ்த்தேன்.