பதினேழாவது சாமான்

துய்மா வீதி வீட்டை விற்றாயிற்று.
நொத்தேர் எழுதிய பட்டியலில்
பதினேழாவது சாமான் அவர்:
இளவரசர், படைத்தலைவர், எண்ணெய் ஓவியம்,
வரைந்தவர் பெயர் தெரியவில்லை,
கீழ் மூலையில் உப்பு பூத்திருக்கிறது.

ஆள் உயரத்துக்கும் மேல்.
தேக்குச் சட்டத்தோடு எழுபது கிலோ இருக்கும்.
தூக்க நாங்கள் நான்கு பேர்,
தலைக்கு அறுநூறு, சாப்பாடு தனி.

நாற்காலிகள் போய்விட்ட கூடத்தில்
நின்றுகொண்டே சொன்னார் மதாம் ரொசாலி:
இவர் இந்த ஊருக்கு வந்ததே இல்லையாம்.
முகம் மட்டும் கப்பலில் வந்ததாம்
ஒரு மூக்குப்பொடி டப்பியின் மூடியில்,
கட்டைவிரல் நக அளவு.
மற்றதையெல்லாம் இங்கேயே வரைந்தார்களாம்.
கோட்டை விழுந்த அன்று
சுருட்டி எடுத்து வந்தது
அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் யாரோ.

கலியவரதன் கயிற்றைக் கீழே போட்டான்.
நாலு வருஷம் முன்புவரை
வம்பாக்கீரப்பாளையத்திலிருந்து கடலுக்குப் போனவன்.
மார்பு நட்சத்திரத்தை, நீலப் பட்டையை,
பின்னால் புகையும் பீரங்கியை
அவன் பார்க்கவில்லை.
முழங்காலைப் பார்த்தான்.

"டேய், இந்தாளு தரையில நிக்கலடா.
பாரு, பாரம் முழுக்கப் பின்கால்ல.
முட்டியப் பூட்டாம வுட்டிருக்கான்.
தளபதிக் கோலாம்! அது
துடுப்பு புடிக்கிற புடி.
ரெண்டு அலைய வுட்டுட்டான்.
மூணாவதுக்கு நிக்கிறான்."

மதாம் சிரித்தார்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.
பிறகு சிரிக்கவில்லை.

வேறு யார் கிடைத்திருப்பார்கள்?
கப்பலுக்கும் கரைக்கும் ஓடும் சலங்கில்
பின்னணியத்தில் நிற்கிற ஒருவனை
நாளுக்கு ஒரு பணம் பேசி,
சித்திரை வெயிலில் வெல்வெட் மாட்டி,
பட்டுக் காலுறைக்குள் காலைத் திணித்து
"அசையாதே" என்றிருப்பார்கள்
அவனுக்குப் புரியாத மொழியில்.
அவனும் அசையவில்லை.
அசையாமல் நிற்க அவனுக்குத் தெரிந்தது
அசைகிற பலகை மேல்தான்.

அதற்குள் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
கம்பளி சுற்றினோம். கயிறு இறுக்கினோம்.
மாடிப்படி திரும்பும் இடத்தில்
"தல பத்திரம்" என்றான் இருசப்பன்.
"தல எவனுதோ, காலப் பாரு"
என்றான் கலியவரதன்.

சென்னையில் ஏலம், வெள்ளிக்கிழமை.
ஏற்றிய பிறகு காசு எண்ணினோம்,
சாப்பாட்டுக்கு ஐம்பது குறைந்தது,
யாரும் போய்க் கேட்கவில்லை.
கலியவரதன் மட்டும் டிரைவர் பக்கம் போய்
கதவைத் தட்டினான்:

"ஈசிஆர்லதான போற?
படுக்க வச்சே கொண்டுபோ.
கடல் தெரிஞ்சா எறங்கிடுவான்."