அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

ஒரு நாள் வாடகை இரண்டரை லட்சம்.
இருபது கார் வந்தால் தலைக்குப் பன்னீராயிரத்து ஐந்நூறு.
முதலில் எழுதியது இதைத்தான்,
உட்துறைமுக வீதியில் முஃபீதின் ரயர்க்கடை மாடியில்,
பிளேன்ரீக் கோப்பை வட்டம் விழுந்த கொப்பியில்.

நாள் குறிப்பது அதைவிடச் சிக்கல்.
வெள்ளி ஜும்மா. ஆடி அமாவாசை தீர்த்தம்.
டெல்மர் வீட்டில் ஞானஸ்நானம்.
போயா எண்டால் வசந்தவின் அம்மா திறப்பை ஒளித்துவிடுவா.
ஓகஸ்ட் கடைசி ஞாயிறு மட்டும்
ஒருத்தருக்கும் வேண்டாத பிள்ளைபோல் மூலையில் நின்றது.
அதைப் பிடித்தோம்.

ஓடுதிடல் நிலாவெளிக்கு அப்பால்,
உப்பளத்தின் முதுகுப்பக்கம்.
கொள்கலன் அடுக்கவென்று ஒரு கொம்பனி தார் ஊற்றியது.
கொள்கலன் வரவில்லை.
வளைவு வரைந்து வாடகைக்கு விட்டார்கள்.
ஒரு சுற்று ஒன்று தசம் ஆறு கிலோமீற்றர், ஏழு வளைவு.
மூன்றாவதில் கச்சான் காற்று
இரவிரவாகப் புழுதி கொண்டுவந்து கொட்டும்.
"கூட்டுறது உங்கட பாடு," என்றார் காவலாளி.
மான் வருமா?
"அதுகள் ரவுணில. இஞ்ச மாடுதான்."

அம்புலன்ஸ் ஒன்று. தீயணைப்பான் ஆறு.
கொடி தைத்தாயிற்று,
பிடிக்கத்தான் ஆளில்லை.
எல்லாருக்கும் ஓட வேண்டும்.
துவாரகா பாரம் குறைக்க
ஸ்டார்லெற்றின் பின்சீற்றைக் கழற்றி
குசினியில் போட்டிருக்கிறாள்,
அதில் இருந்துதான் சாப்பாடாம்.

பிறகு அந்தப் படிவம்.
பெயர். இரத்த வகை. ஒவ்வாமை.
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்.

இன்சூரன்ஸ் கந்தோரில் ஒன்பது வருடப் பழக்கம்,
சும்மா சரிபார்ப்போம் என்று
முதல் இலக்கத்தை அழுத்தினேன்.
மேசைக்கு எதிரே டெல்மரின் சட்டைப்பை பாடியது.
இரண்டாவது, முஃபீதின் லாச்சிக்குள்.
மூன்றாவது துவாரகாவின் மடியில்.
நாலாவது திரும்பவும் டெல்மர்.
சிரித்தோம்.
ஏழாவது அழைப்பில் சிரிப்பு நின்றுவிட்டது.

வசந்தவுக்கு முஃபீத், முஃபீதுக்குத் துவாரகா,
துவாரகாவுக்கு டெல்மர், டெல்மருக்கு வசந்த.
ஒரு சுற்று முடிந்தது.

அன்றைக்கு எல்லாரும் ஹெல்மெற்றுக்குள் இருப்பார்கள்.
ஃபோன்கள் ஓர் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் கிடந்து
ஒன்றையொன்று கூப்பிடும்.

"வீட்டில சொல்லேல்ல," என்றான் வசந்த, நிலத்தைப் பார்த்து.
"அம்மா நினைக்கிற, நான் ரயர் மாத்தப் போற எண்டு."
முஃபீத் ஒன்றும் பேசவில்லை.
ரயர் விற்பவன் அவன்.

திரும்ப எழுதச் சொன்னேன்.
ஓடாத ஒருவர். கேட்டால் அழக்கூடிய ஒருவர்.
படிவங்கள் வர நாலு நாள் எடுத்தது.
ஒன்று மனைவியின் கையெழுத்தில் வந்தது,
ஒரேயொரு சொல்: இல்லை.
அதோடு பத்தொன்பது கார்.
தலைக்குப் பதின்மூவாயிரத்து நூற்றைம்பத்தெட்டு.

சனி பின்னேரம் தும்புத்தடியோடு மூன்றாம் வளைவில் நிற்கிறேன்.
நாளைக்கு நாலு செக்கனில் கடக்கப்போகும் இடம்,
முக்கால் மணித்தியாலமாகக் கூட்டுகிறேன்.
ஒரு போல்ட் கிடைத்தது. சாணி கிடைத்தது.
தாருக்குள் ஆழமாக ஒரு குளம்படி,
ஊற்றிய அன்றே நடந்திருக்கிறது
ஒரு மாடு,
ஒருத்தருக்கும் வாடகை கட்டாமல்.

கோவையில் பதினெட்டுப் படிவம்.
பத்தொன்பதாவது என் காற்சட்டைப் பையில்,
ஒரு கோடு வெறுமையாக.

"தங்கச்சியும் ஓடுறியளோ?" காவலாளி.
ஓம் என்றேன்.
"நாளைக்கு நீங்கள் இஞ்சதானே நிப்பியள்?"
"வேற எங்க போறது."
"உங்கட நம்பரைச் சொல்லுங்கோ."

ஏதோ விற்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.
இருந்தும் சொன்னார்,
இரண்டிரண்டு இலக்கமாக,
நான் எழுதி முடிக்கும்வரை நின்று நின்று.
கடைசி இரண்டை எழுதும்போது
கடதாசியில் புழுதி
விழத் தொடங்கியிருந்தது.