ஐந்து பன்னிரண்டு

மோயின்யோ வெல்யோ நிலையத்தில்
பயணச்சீட்டு ஜன்னல் மூடி நாலு வருடம்.
மின்தூக்கி பழுது.
கழிப்பறைச் சாவி யாரிடம் என்பது
கழிப்பறைக்கே தெரியாது.
திறந்திருப்பது என் காப்பிக் கடை ஒன்றுதான்,
அதுவும் காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து.

லிஸ்பனுக்கு முதல் வண்டி ஐந்து பன்னிரண்டு.
ஐந்து மணிக்கே வந்துவிடுவார்கள்,
மூன்றாம் விளக்குக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில்
ஆறு பெண்கள்.
யாரும் கோடு கிழித்துக் காட்டவில்லை.
ஆறாம் பெட்டியின் நடுக்கதவு
அங்கேதான் வந்து நிற்கும்.
பதினோரு வருடம் நின்று நின்று
அந்த இடத்துச் சிமெண்டுக்கு
மழைநாளில் தனி மினுக்கம்.

வங்கி விழிக்குமுன் வங்கியைத் துடைக்கிறவர்கள்.
சுல்மீராவுக்கு ஒன்பதாம் மாடி.
நிவால்டா அதே கட்டடத்தின் தரைத்தளம்,
சுழல்கதவுக் கண்ணாடியில்
நேற்றைய கைரேகைகளை அழிக்கிறவள்.
கேப் வெர்டியின் வெவ்வேறு தீவுக்காரர்கள்.
தீவுக்குத் தீவு பேச்சு கொஞ்சம் முறுக்கும்,
அதை வைத்தே ஒருத்தியை ஒருத்தி ஓட்டுவாள்.
எனக்குப் பாதி புரியும்.
புரியாத பாதிக்குத்தான் சிரிப்பு அதிகம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்
எட்டுப் பெட்டி வண்டியை நாலாக்கி அனுப்பிவிட்டார்கள்,
ஒரு வார்த்தை சொல்லாமல்.
வந்தது,
அவர்களைத் தெரியாததுபோல் கடந்தது,
அந்தக் கோடியில் போய் நின்றது.

ஓடினார்கள்.
டொமிங்காஸுக்கு முட்டி வலி,
அவள் ஓட்டம் அவள் நடையைவிட மெதுவு.
கதவு பீப் பீப் என்றது.
ஏறிவிட்ட சுல்மீரா திரும்பி நின்று
வலது காலை இடுக்கில் வைத்தாள்,
பக்கத்து வீட்டுப் பூனை நுழையாமல் தடுப்பதுபோல
அத்தனை சாதாரணமாக.
கதவு கடித்தது. விட்டது. திரும்பக் கடித்தது.
டொமிங்காஸை அக்குளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.
காலும் உள்ளே போயிற்று.
ஷூ போகவில்லை.

வண்டி நகர்ந்த பின்
தண்டவாளங்களுக்கு நடுவே சல்லியில்
கறுப்பு, முப்பத்தொன்பதாம் எண்,
மல்லாந்து கிடந்தது.

காவலாளி டெல்மோவிடம்
கைபேசி விழுந்தால் எடுக்கும் நீளக் கொக்கி உண்டு.
எடுத்தான். படிவமும் எடுத்தான்.
‘பொருள்: காலணி, ஒரு ஜோடி’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது,
என்ன எழுத என்றான்.
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்
பழைய செய்தித்தாளை விரித்து வைத்தேன்.

புதன்கிழமை வேலைநிறுத்தம்.
பலகை முழுக்க ரத்து, ரத்து, ரத்து.
குறைந்தபட்ச சேவை உண்டு என்றார்கள்,
அந்தக் குறைந்தபட்சம் எங்கள் நிலையம்வரை வரவில்லை.
கைப்பழக்கத்தில் ஆறு காப்பிக்குத் தூள் போட்டுவிட்டேன்.
இரண்டை நான் குடித்தேன்.
டெல்மோ ஒன்று.

வியாழன், எட்டுப் பெட்டி.
மூன்றாம் விளக்கடியில் சுல்மீரா,
மகளின் பழுப்பு பூட்ஸில், ஓர் அளவு பெரிது.
ஷூவை நீட்டினேன்.
வாங்கவில்லை.
“மற்றதை அன்றைக்கே அங்கே குப்பையில் போட்டாயிற்று.”
பிறகு காப்பியை ஊதிக்கொண்டே சொன்னாள்:
“ஒற்றைக் காலில் சாக்ஸோடு
டைரக்டர் அறைக் கம்பளத்தில் நின்றேன்.
பதினோரு வருடமாய் அது எனக்கு
மெஷின் குழாய் வழியாகத்தான் பழக்கம்.
சாக்ஸைக் கழற்றினேன்.
மற்ற ஷூவையும்.
பன்றிக்குட்டி வயிறு மாதிரி,
இளஞ்சூடு.
ஒரு சுற்று நடந்தேன்.
அப்புறம் என் தடத்தை நானே உறிஞ்சி எடுத்தேன்.
வீட்டுக்கு வந்தது
நீலப் பிளாஸ்டிக் உறை இரண்டை மாட்டிக்கொண்டு,
மழையில்.”

நிவால்டா அவள் தீவுப் பேச்சில் ஏதோ சொன்னாள்.
ஐந்து பேரும் வளைந்து வளைந்து சிரித்தார்கள்.
என்ன என்று நான் கேட்பதற்குள்
நடுக்கதவு
மினுங்கும் சிமெண்டுக்கு நேராக வந்து திறந்தது.

ஷூ இன்னும் என்னிடம்தான்.
டெல்மோவின் படிவம் அதற்குள் சுருண்டு கிடக்கிறது.
மின்தூக்கிக் கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்:
மார்ச்சில் சரியாகுமாம்.
எந்த மார்ச் என்று போடவில்லை.